முதுகுத் தகடும் புதுச்சத்திரத்துக் கல்குழியும்

தூத்துக்குடியில் கடலை வைத்துக்கொண்டு, டைவிங் சாமான் செய்ய நாமக்கல்லுக்குப் போகிறேன் என்றதும் என் மனைவி சிரித்தாள். துறைமுகத்தில் என்னோடு கப்பலின் அடிப்பாகம் சுரண்டுகிற பயல்கள் இன்னும் மோசம். "அங்க முட்டைதானே கிடைக்கும், முட்டைக்குள்ளயா முங்கப் போறீரு?" என்றார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். முதுகு என்னுடையது.

விஷயம் இதுதான். என்னிடம் பழைய காலத்து இரட்டைக் குழாய் ரெகுலேட்டர் ஒன்று இருக்கிறது. இப்போது எல்லோரும் போடுவதில் காற்றை அளந்து கொடுக்கிற கருவி வாயருகே இருக்கும். மூச்சு விட்டால் குமிழி கண்ணெதிரே பொங்கும். என்னுடையதில் கருவி பிடரிக்குக் கீழே, காற்றடைத்த பாட்டிலின் தலையில் உட்கார்ந்திருக்கும். அங்கிருந்து சுருக்கம் சுருக்கமாய் இரண்டு ரப்பர் குழாய்கள், காதுக்கு ஒன்றாகச் சுற்றி வாய்க்கு வரும். குமிழி முதுகுக்குப் பின்னால் போய்விடுவதால் எதிரே தண்ணீர் துல்லியமாக இருக்கும். மீன் பக்கத்தில் வந்து மூஞ்சியைப் பார்த்துவிட்டுப் போகும்.

ஆனால் அதற்குத் திமிர் அதிகம். கருவி இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில், முதுகை ஒட்டி, நுரையீரலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலே ஏறினாலோ முதுகைவிட்டு விலகினாலோ தொலைந்தோம். குப்புற நீந்தும்போது மூச்சு வராது. கெட்டிப் பாயசத்தை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிற பாடுதான். பாட்டிலை முதுகோடு சேர்த்துக் கட்ட, கடையில் கிடைக்கிற முதுகுத் தகடுகள் எல்லாம் புது மாதிரிக்குச் செய்தவை. நடுவில் ஆழமான மடிப்பு, அதன்மேல் காற்றுப் பை, அதற்கும் மேல் பாட்டில். என் கருவி அதில் தலைக்குப் பின்னால் கொண்டை போல நின்றது.

லாரி விஷயமாக வந்துபோகிற தங்கவேல் அண்ணாச்சி எனக்குத் துறைமுகத்து டீக்கடையில் பழக்கம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "தகடு வளைக்கறதுதானுங்ணா நம்ம பொழப்பு, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றார். போனேன்.

ரயில் தூக்கத்தில் நாமக்கல்லைத் தாண்டிவிட்டது. சேலத்தில் இறங்கித் திரும்ப நாமக்கல் பஸ்ஸில் ஏறப் போனால் கண்டக்டர் குறுக்கே கையை நீட்டினார். "சிலிண்டர் ஏத்தப்படாதுங்க."

"கேஸ் இல்லங்க. காத்து. வெறும் காத்து."

"காத்த எதுக்குங்க சிலிண்டர்ல அடைச்சுத் தூக்கிட்டுப் போறீங்க? அங்கயும் காத்து இருக்குதுங்களே!" பஸ்ஸே சிரித்தது. விசில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கடைசியில் காலி அட்டைகளோடு திரும்பிய முட்டை வண்டி ஒன்றில், பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். எங்கள் ஊரில் வண்டி என்றால் மீன் நாற்றம். இங்கே கோழி. இரண்டுக்கும் மூக்கு அரை மணி நேரத்தில் பழகிவிடுகிறது.

பட்டறையில் தங்கவேல் என்னைச் சட்டையைக் கழற்றச் சொல்லி ஒரு பலகையில் குப்புறப் படுக்க வைத்தார். லாரிக்குக் கோடு போடுகிற சாக்கட்டியால் முதுகெலும்பு நெடுக ஒரு கோடு, தோள்பட்டைக்கு இரண்டு வட்டம். வேலை செய்தவர்கள் வெல்டிங்கை நிறுத்திவிட்டு வந்து நின்று பார்த்தார்கள். ஒருவர் மெதுவாக, "சவப்பெட்டிக்கு அளவெடுக்கற மாதிரி இருக்குது" என்றார். தங்கவேல் அவரை முறைத்தார்.

சாயங்காலம் தகடு வந்தது. தூக்கிப் பார்த்தால் கை இறங்குகிறது. லாரி பிளாட்பாரத்துக்குப் போடுகிற கனமான தகடு! "ஓவர்லோடு ஏத்துனாலும் வளையாதுங்ணா" என்றார் பெருமையாக.

"அண்ணாச்சி, ஓவர்லோடு நான்தான். அதுவும் நாளைக்குச் சோதனை பண்ணப் போற தொட்டி உப்புத்தண்ணி இல்ல, நல்ல தண்ணி. கடல் தூக்குற மாதிரி தூக்காது. இதைக் கட்டிக்கிட்டு இறங்கினா அங்கேயே இருக்க வேண்டியதுதான்."

அவர் முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. அப்போது எனக்குக் காரணம் தெரியாது. கேபின் கதவுக்குப் போடுகிற மெல்லிய தகட்டை எடுத்து வெட்ட ஆரம்பித்தார். இந்த முறை நடு மடிப்பை ஆழமில்லாமல், கிட்டத்தட்டத் தட்டையாக வளைத்தார். தோள்பட்டைக்குச் சரக்கு கட்டுகிற பெல்ட். கயிறு மாட்ட, தார்ப்பாய் கட்டும் கொக்கி ஒன்றைக் கீழே பற்றவைத்தார். கேட்காமலேயே வைத்த கொக்கி அது.

மறுநாள் காலை புதுச்சத்திரம் பக்கத்தில் அவர் வீட்டுத் தோட்டத்துத் தொட்டியில் சோதனை. பாட்டிலை வாரில் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டினேன், குப்புறப் படுத்தேன், மூச்சு வந்தது, ஆனால் இழுத்துப் பறித்துத்தான் வந்தது. எழுந்து இன்னும் இரண்டு விரல் இறக்கினேன். தோள் பெல்ட்டைச் சுருக்கினேன். தொடைக்கு இடையில் போகும் பெல்ட்டை இழுத்துக் கட்டினேன், இல்லாவிட்டால் தகடு மறுபடி கழுத்துக்கு ஏறிவிடும். மறுபடி படுத்தேன். ஆஹா! வீட்டுத் திண்டில் சாய்ந்து மூச்சு விடுகிற மாதிரி அத்தனை இலகு. சந்தோஷத்தில் கைகாலை விரித்து அசையாமல் மிதந்தேன்.

பாத்திரம் விழுகிற சத்தம் தண்ணீருக்குள் கேட்டது. தலையைத் தூக்கினால் தொட்டி ஓரத்தில் ஒரு பெண், காலடியில் தூக்குப்போசி கவிழ்ந்து, அரிசிம்பருப்பு சோறு மண்ணில் கிடந்தது. "எந்திரிங்க! எந்திரிச்சுருங்க!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

தங்கவேலின் தங்கை கோமதி. கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிற வேலை. அவள் புருஷன் முருகேசன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் பைக்கை எடுத்துக்கொண்டு கல்குழிப் பக்கம் போனவன், திரும்பவில்லை. அந்தக் குவாரியில் டிப்பர் ஓட்டி, தண்ணீர் இறைக்கிற மோட்டாரையும் பார்த்துக்கொண்டவன். குவாரியை மூடின சமயம். வேறெங்காவது லாரி லைனுக்குப் போயிருப்பான் என்று ஒரு வாரம் விட்டுவிட்டார்கள். அந்த வாரம் பார்த்து அடைமழை. ஏரி உடைந்து குழியில் விழுந்தது. தேட ஆரம்பித்தபோது குழி பாதிக்கு மேல் தண்ணீர். தீயணைப்புக்காரர்கள் கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற பாதாளக் கொலுசு போட்டுத் துழாவினார்கள். உள்ளே முங்கிக் கிடக்கிற முள்மரங்களில் சிக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

"அதுதானுங்ணா உங்களைக் கூப்பிட்டது. தகட்டுக்கு மட்டும் கூப்பிட்டேன்னு சொன்னா பொய்யாப் போயிரும்" என்றார் தங்கவேல், தரையைப் பார்த்துக்கொண்டு. எனக்குக் கோபம் வந்தது. நேராகக் கேட்டிருக்கலாமே, மனுஷன்! ஆனால் எதிரே அந்தப் பெண் சோற்றை அள்ளிக் கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவளேதான் பேசினாள். "அவரத் தேடச் சொல்லலீங்ணா. வண்டி இருக்குதான்னு பாத்தாப் போதும். வண்டி உள்ள இருந்தா ஆளும் உள்ளதான், காரியத்தப் பண்ணிப்போடலாம்னு சாதிசனம் எல்லாம் பேசியாச்சு. ரெண்டு வருசமாப் பொட்டு வெக்கறதா அழிக்கறதான்னு தெரியாம நிக்கறனுங்ணா. ஒரு நாளைக்கு வெக்கறேன், ஒரு நாளைக்கு தொடச்சுப்போடறேன். தெரிஞ்சாப் போதும்." இதற்குமேல் எப்படி மாட்டேன் என்பது?

அன்றைக்கே குழியைப் போய்ப் பார்த்தோம். கடலில் முப்பது வருஷம் கிடந்தவன் நான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தண்ணீரைப் பார்த்ததும் ஒரு அடி பின்வாங்கினேன். செங்குத்தாக வெட்டின பாறைச் சுவர். நடுவில் அலையே இல்லாத பச்சை. மருந்தடிக்கக்கூட அதில் யாரும் தண்ணீர் மொள்ளுவதில்லையாம். ஒரு பக்கம் மட்டும் லாரி இறங்கின சரிவுப் பாதை நேராகப் போய்த் தண்ணீருக்குள் மறைந்தது. கரையில் மஞ்சள் பூசின ஏழு கல், கன்னிமார்.

முருகேசனின் அம்மா ராமாயி அங்கே ஒரு கிடாயோடு காத்திருந்தார். மருமகளும் மாமியாரும்தான் இப்போது ஒரே வீட்டில். "கன்னிமாருகிட்ட உத்தரவு கேக்காம எறங்கப்படாது சாமி" என்றார் என்னிடம். கிடாயின் கழுத்தில் மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்தால், அது உடம்பைச் சிலுப்பித் துலுக்க வேண்டும். துலுக்கினால் சம்மதம்.

தெளித்தார்கள். கிடா நின்றது. மறுபடி தெளித்தார்கள். ஒரு குடமே ஊற்றினார்கள். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் சிலுப்பும், அதன் சுபாவம் அது. இது சிலுப்பவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்டக் குழியையே பார்த்துக்கொண்டு கல்லாட்டம் நின்றது. வெயில் ஏறி அது காய்ந்தே போனது. "இன்னைக்கு வேண்டாமுங்ணா" என்றார் தங்கவேல்.

உள்ளுக்குள் எனக்கு நிம்மதி. அதை மறைத்துக்கொண்டு, பாட்டிலைக் கட்டும் வாருக்கு நல்ல பக்கிள் வாங்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி சேலத்துக்கு பஸ் ஏறினேன். தட்டுவடை செட் தின்றேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவே காரட்டும் பீட்ரூட்டும் காரச் சட்னியும். ஒரு கடிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. எங்கள் ஊரில் இனிப்பு மக்ரூன் சுடுகிறவர்கள் இதைப் பார்த்தால் மயங்கி விழுவார்கள். இன்னொரு செட் கேட்டு வாங்கினேன்.

திரும்பி வரும்போது முன் சீட்டில் இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டு வந்தார்கள். விசாகப்பட்டினம் துறைமுகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் எனக்குத் தெலுங்கு புரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. "குழியில் இறங்கப் போகிற ஆள் இவன்தான்." "கிடா துலுக்கவில்லையாமே?" "இவன் பெண்டாட்டிக்குத் தெரியுமோ என்னவோ." "பார்த்தால் சாதுவாக இருக்கிறான், பாவம்." எனக்குத் தட்டுவடை நெஞ்சிலேயே நின்றுவிட்டது. இறங்கியதும் மனைவிக்கு போன் போட்டு, பக்கிள் நல்லதாகக் கிடைத்தது என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் காலை மறுபடி குழி. ராமாயி செம்புத் தண்ணீரோடு நின்றார், இன்னும் தெளிக்கவில்லை. கிடா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. பிறகு மூக்கிலிருந்து வால்வரைக்கும் ஒரு துலுக்கு! உடம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. யாரும் குலவை போடவில்லை. ராமாயி செம்பைக் கீழே வைத்துவிட்டு, "போயிட்டு வா சாமி" என்றார்.

தங்கவேல் லாரி டயருக்கு அடிக்கிற கம்ப்ரஸரில் காற்று நிரப்பித் தருவதாகச் சொன்னார். "அது டயருக்கு, நான் மனுஷன்" என்று சொல்லி, பாட்டிலில் மீதியிருந்த காற்றே போதும் என்றேன். தகட்டை மாட்டினேன். அது முதுகில் எனக்கென்றே பிறந்த மாதிரி உட்கார்ந்தது. கொக்கியில் கயிறு, கயிற்றின் மறுமுனை தங்கவேல் கையில். ஒரு இழுப்பு என்றால் நலம், விடாமல் இழுத்தால் தூக்கு. "உங்க வண்டிதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "முன்னாடி முட்டு தாங்கற இரும்புக் கார்டு நான் வெச்சதுங்ணா, லாரிக்கு வெக்கற ஆங்கிள் இரும்புல. அந்த மாதிரி ஊருல வேற இல்ல" என்றார்.

சரிவுப் பாதையிலேயே இறங்கினேன். முதலில் பச்சை, பிறகு பழுப்பு. ஒரு இடத்தில் திடீரென்று குளிர், ஏதோ ஒரு கோட்டைத் தாண்டின மாதிரி. டார்ச் வெளிச்சத்தில் பாதையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேல மரங்கள், இலையில்லாமல், நின்றபடியே. டிப்பர் போன டயர் தடம்கூட அப்படியே இருந்தது. ரோட்டில் நடப்பது மாதிரி இருந்தது, ஆனால் நான் அந்த ரோட்டுக்கு மேலே பறந்துகொண்டிருந்தேன். ஒரு மீன்கூடக் கிடையாது.

இந்த ரெகுலேட்டரில் இன்னொன்று சொல்ல மறந்தேன். காற்று காதோரமாக வருவதால் உங்கள் மூச்சு உங்களுக்கே பின்னாலிருந்து கேட்கும். கடலில் ஆயிரம் சத்தம், கவனிக்க மாட்டோம். இங்கே வேறு சத்தமே இல்லை. ஒரு முள்கிளை இடது குழாயைப் பிடித்துக்கொண்டது. இழுத்தால் ரப்பர் கிழியும். மெதுவாக நின்று, மூச்சை நிறுத்தி, கையைப் பின்னால் கொண்டுபோனேன். நான் நிறுத்தினேன். அந்த மூச்சு இன்னொரு முறை வந்தது, நிதானமாக, என் பிடரிக்குப் பின்னாலிருந்து. வெளிமூச்சு வால்வின் ரப்பர் படபடத்திருக்கும் என்று இப்போது சொல்லிக்கொள்கிறேன். அப்போது பயத்தில் பற்கள் கடித்த கடியில் வாயில் கவ்வியிருந்த ரப்பர் அறுந்துவிடும் போலிருந்தது. முள்ளை எடுத்தேனா, அதுவே விட்டதா, தெரியாது.

திரும்பிவிடலாம் என்றுதான் டார்ச்சைத் திருப்பினேன். பாதையின் வளைவில் ஒரு தலை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கத்தினேன். தண்ணீருக்குள் கத்தினால் உங்களுக்கு மட்டும்தான் கேட்கும். ஹெல்மெட். பைக்கின் கண்ணாடியில் மாட்டின ஹெல்மெட், முன் கண்ணாடி மூடி, உள்ளே சேறு. பைக் விழுந்து கிடக்கவில்லை. பாறைச் சுவரை ஒட்டி ஓரமாக, நடு ஸ்டாண்ட் போட்டு நேராக நின்றது, கடைக்குப் போனவர் இதோ வந்துவிடுவார் என்பது போல. முன்னால் தங்கவேலின் ஆங்கிள் கார்டு.

குப்புறத் தாழ்ந்து பார்த்தேன். மூச்சு தடையில்லாமல் வந்தது, தகட்டைச் செய்தவன் வாழ்க. ஹேண்டில் ஒரு பக்கம் திருப்பிப் பூட்டியிருந்தது. சாவி இல்லை. முன்னால் நம்பர் பலகை இல்லை. சுற்றிப் பின்னால் போனேன், அங்கேயும் இல்லை. உடைந்து போகவில்லை. போல்ட்டுகளை ஸ்பேனர் போட்டுக் கழற்றி, மறுபடி அதே ஓட்டைகளில் பொறுமையாகத் திருகி வைத்திருந்தது.

சாகப் போகிறவன் நம்பர் பலகையைக் கழற்ற மாட்டான். இந்த வண்டி யாருடையது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்தவன், தண்ணீர் ஏறும் என்று தெரிந்தே இங்கே நிறுத்திவிட்டு நடந்து மேலேறிப் போயிருக்கிறான். முதல் தடவையாக அந்தக் குழியில் பிணம் எதுவும் இல்லை என்று எனக்கு நிச்சயமானது. நிம்மதி வரவேண்டும். அதற்குப் பதிலாக மயிர்க்கூச்செறிந்தது. கயிற்றை இழுத்தேன்.

மேலே வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. வண்டி இருக்கிறது என்று மட்டும் சொன்னால், அது பொய் இல்லை. ஊர் பேசி வைத்தபடி காரியம் நடக்கும். புருஷன் செத்தவள் என்றால் நாலு பேர் இரக்கப்படுவார்கள். விட்டுவிட்டு ஓடினான் என்றால் அதே நாலு பேர் இவளிடம் என்ன குறை என்று தேடுவார்கள். நான் யார் அதைத் தீர்மானிக்க? தகடு செய்ய வந்தவன்.

தலை வெளியே வந்ததும் தங்கவேல், "ஏனுங்ணா?" என்றார்.

"இருக்கு அண்ணாச்சி. உங்க கார்டு."

அவ்வளவுதான். ராமாயி மார்பில் அறைந்துகொண்டு, "என்ற ராசா, தண்ணிக்குள்ள கெடந்தயா, குளுருமே சாமி உனக்கு" என்று ஒப்பாரியை எடுத்தார். அந்தக் குரல் பாறையில் மோதி நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்தது. தங்கவேல் கயிற்றைப் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

கோமதி அழவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து என் தோள் பெல்ட்டின் பக்கிளை அவிழ்த்தாள். "எப்படிங்ணா கெடந்துச்சு?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அந்த முகத்தைப் பார்த்து என்னால் மறைக்க முடியவில்லை. "கிடக்கலம்மா. நிக்குது. ஸ்டாண்ட் போட்டு, ஹேண்டில் பூட்டி. சாவி இல்ல. நம்பர் பலகை ரெண்டையும் கழட்டிட்டாரு."

அவள் பாட்டிலோடு தகட்டை என் முதுகிலிருந்து வாங்கி, அலுங்காமல் பாறைமேல் வைத்தாள். "மூணு வருசம் அந்த மோட்டார ஓட்டுன மனுசனுங்ணா. நிறுத்துனா எத்தன நாள்ல எவ்வளவு ஏறும்னு கேட்டா கணக்குப் போடாம வாயிலயே சொல்லுவாரு" என்றாள். பிறகு என்னைத் தாண்டிச் சரிவில் நடந்தாள். இடுப்பளவு. மார்பளவு. யாரும் கால் நனைக்காத தண்ணீர் அது. நான் பதறிப்போய் எட்டிப் பிடிக்கப் போனேன். அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலை முழுகினாள். எழுந்து, இன்னொரு முழுக்கு. மூன்றாவது முழுக்குப் போட்டு எழுந்து, கூந்தலைப் பிழிந்துகொண்டே கரையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்: "அழுவாதீங்க அத்தை. உங்க பையன் சாவல. வண்டிய நிறுத்திப்போட்டு, நெம்பரக் கழட்டீட்டுப் போயிருக்கறாரு. நான் தல முழுகிட்டேன்."

ஒப்பாரி நடுவில் அறுந்தது. பாறை மட்டும் கடைசி வார்த்தையை இன்னொரு தரம் சொன்னது. ராமாயி என்னைப் பார்த்தார். "அவனே கழட்டுனானா சாமி?"

"ஆமாம்மா."

அந்த அம்மாள் எழுந்தார். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பாசியில் கால் வழுக்க வழுக்கத் தண்ணீருக்குள் வந்து மருமகளின் கையைப் பிடித்தார். பெற்ற மகன், உயிரோடு எங்கோ இருக்கிறான் என்று இப்போதுதான் கேட்டிருக்கிறார். மூன்று முறை தலை முழுகினார். மூன்றாவது தடவை உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தார். கோமதி பிடித்துத் தூக்கினாள். இரண்டு பேரும் ஈரம் சொட்டச் சரிவில் ஏறி எங்களைக் கடந்து போனார்கள்.

தங்கவேல் பின்னாலேயே ஓடி, "அத்தை, சாதிசனத்துக்கு என்னன்னு சொல்றதுங்க? ஊட்ல அல்லாரும் வந்து காத்திருக்கறாங்க, அடுப்புப் பத்த வெக்காம" என்றார்.

ராமாயி நிற்கவே இல்லை. "எழவு ஊட்லதான் அடுப்புப் பத்த வெக்க மாட்டாங்க. நம்மூடு எழவு ஊடு இல்ல. நீ முன்னால போ சாமி" என்று மருமகளின் முதுகில் கைவைத்துத் தள்ளினார். "போயி உலை வெய்யி."